முதல் பனிக்காலம், முதல் வின்னிபெக் ஓட்டம்: ட்ரக்கில் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: ட்ரெய்லர் இழுக்கிற பெரிய ட்ரக்குக்கான ஏஇசட் லைசன்ஸ் எடுத்து இந்த மார்ச்சில்தான் ஓடத் தொடங்கினேன். 2017ஆம் ஆண்டு ட்ரக் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். கோடை முழுக்க ஜோர்ஜியா, டெனசிப் பக்கம் ஓடினேன். நவம்பரிலிருந்து பிரம்ப்டனுக்கும் வின்னிபெக்கிற்கும் இடையில் கிழமைக்கு ஒரு ஓட்டம், இடையிடையே தெற்கேயும் போகவேண்டும். கூட ஓடுகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்: காற்றுத் தாங்கிக்குள் மெதைல் ஹைட்ரேட் ஊற்று, டீசலுக்குள் மண்ணெண்ணெய் கல, இரவில் எஞ்சினை நிறுத்தாதே, சங்கிலி வாங்கிப் போடு. எல்லாவற்றையும் செய்யக் கையில் காசில்லை. எதை முதலில் செய்வது?
— பிரம்ப்டன் வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட நான்கு ஆலோசனைகளில் முதல் இரண்டும் ட்ரக்கைப் பழுதாக்கும். மூன்றாவது பாதி சரி. நான்காவது உங்கள் பாதைக்கு இப்போது தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன். வேலைகளை ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் விடுமுறைக்கு முன் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் வெறுங்கையால் கழற்றக்கூடிய இணைப்பை ஜனவரியில் கையுறையோடு கழற்ற மூன்று மடங்கு நேரம் பிடிக்கும், பிளாஸ்டிக் கொளுவியும் உடைந்துவிடும்.

பனிக்காலத்தில் தெருவோரம் நிற்கிற ட்ரக்குகளைப் பார்த்தால், பெரும்பாலானவற்றை நிறுத்தியது தண்ணீர்தான். காற்றுக் குழாய்க்குள், டீசல் பில்ற்றருக்குள், பிறேக் ட்ரம்முக்குள், வயர் இணைப்புக்குள் தண்ணீர் கோடை முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கும். குளிர் வந்து அதை உறையவைக்கும்போதுதான் அது அங்கே இருந்ததே தெரியவரும். ஆகவே காசைப் பிரிக்கும்போது தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்த்துச் செலவழியுங்கள். என் வரிசை இது: முதலில் பிறேக்கை இயக்குகிற காற்று, அடுத்தது டீசல், பிறகு பற்றறி. எஞ்சின் ஸ்ரார்ட் ஆகாவிட்டால் யார்ட்டில் நிற்பீர்கள், ஒருநாள் உழைப்புத்தான் போகும். பிறேக் உறைந்தால் அது 80,000 இறாத்தலோடு இறக்கத்தில் தெரியவரும்.

காற்றிலிருந்து தொடங்குவோம். கம்பிறசர் காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும். அதைப் பிடிப்பது எயார் ட்ரையருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜ். பழைய ட்ரக் என்பதால் அது கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தெரியாவிட்டால் மாற்றுங்கள், யோசிக்க வேண்டாம். எண்ணெயையும் சேர்த்துப் பிடிக்கும் வகைக் கார்ட்ரிட்ஜ் சற்று விலை கூட, ஆனால் ஓடித் தேய்ந்த கம்பிறசருக்கு அதுதான் சரி. மாற்றுமுன் தாங்கிகளின் வடிவால்வைத் திறந்து என்ன வருகிறது என்று ஒரு வெள்ளைக் கடதாசியில் பிடித்துப் பாருங்கள். ஒருசில துளி தெளிந்த தண்ணீர் என்றால் கவலையில்லை. பால்போலக் கலங்கிய எண்ணெய்க் கலவை வந்தால் கம்பிறசர் எண்ணெய் தள்ளுகிறது. அதைச் சரிசெய்யாமல் புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால் எண்ணெய் அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகளைப் பூசி மூடிவிடும், இரண்டு மாதத்தில் பழைய கதைதான். முதலில் ட்ரையரிலிருந்து காற்று வந்துசேரும் ஈரத் தாங்கி, பிறகு மற்ற இரண்டு, கடைசியில் ட்ரெய்லரின் தாங்கிகள் என்று எல்லாவற்றையும் முழுதாக வடியுங்கள். ‘புஸ்’ என்று ஒருதரம் இழுத்துவிட்டு விடுவது போதாது. அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் அடியில் நிற்கிற தண்ணீர் வழியும். ட்ரெய்லரை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். ட்ரெய்லருக்குச் சொந்தமாக ட்ரையர் கிடையாது. அதற்கு முன் அதை இழுத்தவர் எவ்வளவு தண்ணீரை அனுப்பினாரோ அவ்வளவும் அங்கேதான் கிடக்கும்.

ட்ரையரின் அடியில் காற்றையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகிற வால்வு உண்டு. அது உறையாமலிருக்க அதற்குள்ளே சிறிய மின் ஹீற்றர் இருக்கிறது. இது வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, காரணம் கோடையில் அது வேலை செய்யத் தேவையில்லை. சுமார் 7 பாகை செல்சியசுக்குக் கீழேதான் அதன் தெர்மோஸ்டாட் தானாக இணையும். அதனால் சூடான கராஜுக்குள் மீற்றரை வைத்து அளந்துவிட்டு ‘தடை காட்டவில்லை, ஹீற்றர் எரிந்துபோச்சு’ என்று முடிவெடுக்காதீர்கள். குளிரான காலையில் வெளியே வைத்துப் பாருங்கள். சாவி போட்ட நிலையில் வயர்ப் பக்க இணைப்பில் 12 வோல்ற் வரவேண்டும். பிறகு சாவியை நிறுத்தி, ஹீற்றர்ப் பக்கத்தை அளந்தால், 75 முதல் 100 வாற் வரையான ஹீற்றருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஓம் அளவு காட்டவேண்டும். வோல்ற் வந்து தடை காட்டாவிட்டால் ஹீற்றர் போய்விட்டது. வோல்ற்றே வராவிட்டால் பியூஸை அல்லது உப்பு தின்ற வயரைத் தேடுங்கள்.

இன்னொரு இடம், நல்ல மெக்கானிக்குகளும் தவறவிடுவது: கம்பிறசரிலிருந்து ட்ரையருக்குப் போகிற குழாய். அது முழு நீளத்துக்கும் கீழ்நோக்கிச் சரிந்தே போகவேண்டும். யாரோ ஒருமுறை எஞ்சின் வேலை செய்துவிட்டுக் குழாயைக் கொஞ்சம் தொங்கவிட்டிருந்தால் அந்தத் தொங்கலில் தண்ணீர் தேங்கி, உறைந்து, குழாயையே அடைத்துவிடும். பிறகு காற்று ஏறாது, கம்பிறசர் தலையிலுள்ள பாதுகாப்பு வால்வு வெடித்தாற்போலத் திறக்கும். கையால் தடவிப் பார்த்தாலே தொங்கல் தெரியும். ஒரு கொளுவியும் பத்து நிமிடமும்தான் செலவு.

இனி மெதைல் ஹைட்ரேட். இது மதுசாரம். உறைந்த தண்ணீரைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் வால்வுகளுக்குள் இருக்கிற மசகையும் கழுவிக்கொண்டு போகும், றப்பர் வளையங்களைக் காயவைக்கும், ட்ரையர் மணிகளையும் கெடுக்கும். ஒவ்வொரு கிழமையும் ஊற்றுகிறவர்களுக்கு பெப்ரவரியில் ஏபிஎஸ் வால்வு ஒட்டிக்கொள்ளும், மார்ச்சில் கசிவு தொடங்கும். ‘போன வருசமும் ஊற்றினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்பார்கள். போன வருசம் ஊற்றியதன் விலையை இந்த வருசம் வால்வு மாற்றிக் கொடுப்பார்கள். ஒரு சிறிய போத்தலை வண்டியின் பக்கப் பெட்டியில் வைத்திருங்கள். நடுவழியில் ட்ரெய்லர்க் குழாய் உறைந்து, அருகே உதவியில்லை என்றால் மட்டும் சிவப்புக் குழாயின் கிளாட்ஹேண்ட் (ட்ரக்கின் காற்றுக் குழாயை ட்ரெய்லரோடு பூட்டும் இணைப்பு) வழியாகக் கொஞ்சம் விடலாம். அப்படி விட்டால் வீட்டுக்கு வந்ததும் எல்லாத் தாங்கிகளையும் வடியுங்கள். குழாயையோ வால்வையோ நெருப்பால் சூடாக்காதீர்கள். நைலோன் குழாய் உருகும், பிறகு வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் அது அடுத்த பத்து நிமிடத்தில் இன்னும் பெரிய ஐஸாக நிற்கும்.

கிளாட்ஹேண்ட் றப்பர் வளையங்கள் நான்கையும் இப்போதே புதிதாகப் போடுங்கள், சட்டைப்பையில் இன்னும் நான்கு வையுங்கள். இவ்வளவு மலிவான சாமான் இவ்வளவு பேரை வீதியில் நிறுத்துவதைப் பார்த்தால் மனம் பொறுக்காது. ட்ரெய்லரைக் கழற்றி விடும்போது கிளாட்ஹேண்டைத் திறந்தபடி தொங்கவிடாதீர்கள். ஒரு பனிப்புயலில் அதற்குள் பனி அடைந்து, அடுத்தமுறை பூட்டும்போது அந்தப் பனி நேரே வால்வுக்குள் போகும்.

பிறேக் ஷூ ட்ரம்மோடு ஒட்டி உறைவது வேறு பிரச்சினை. ஈர வீதியில் ஓடி வந்து, சூடான பிறேக்கோடு நின்று, பார்க்கிங் பிறேக்கைப் போட்டுவிட்டுத் தூங்கினால் ஷூவும் ட்ரம்மும் ஒன்றாகிவிடும். நிறுத்துமிடத்துக்கு வருமுன், பின்னால் வாகனம் இல்லாத இடத்தில், மெதுவாகப் போகும்போது பிறேக்கை இலேசாக மிதித்துப் பிடித்து ஈரத்தைக் காயவையுங்கள். காலையில் புறப்படும்போது முன்னும் பின்னும் கொஞ்சம் அசைத்து, கண்ணாடியில் ட்ரெய்லரின் சில்லுகள் உருளுகின்றனவா என்று பாருங்கள். ஐஸ் தரையில் உறைந்த சில்லு உருளாமல் சறுக்கிக்கொண்டே வரும், உள்ளேயிருந்து உங்களுக்கு ஒன்றும் தெரியாது. காய்ந்த தாருக்கு வந்தவுடன் ரயர் ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்து, எட்டு ரயரும் குப்பைக்குத்தான். ஒட்டியிருந்தால் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, பிறேக்கை விடுவித்து, ட்ரம்மின் வெளிப்புறத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். இரண்டு மூன்று தட்டில் விட்டுவிடும். வண்டிக்குக் கீழே போகுமுன் கட்டை வைத்ததை இரண்டாம் முறை பாருங்கள்.

டீசலுக்கு வருவோம். டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குளிரக் குளிர அது முதலில் மேகம்போலக் கலங்கும், பிறகு பில்ற்றரை அடைக்கும், அதற்குப் பிறகுதான் தாங்கிக்குள் கூழாகும். கனடாவில் எந்த வட்டாரத்தில், மாதத்தின் எந்தப் பாதியில், டீசல் எவ்வளவு குளிரைத் தாங்கவேண்டும் என்று தரக் கட்டுப்பாடு இருக்கிறது. சட்பரியிலோ தண்டர் பேயிலோ ஜனவரியில் அடிக்கிற டீசல் அந்த ஊர்க் குளிருக்காகவே கலக்கப்பட்டது. உங்களுக்கு ஆபத்து ஜோர்ஜியாவில் மலிவாக அடித்துக்கொண்டு வருகிற டீசல்தான். இரு பக்கத் தாங்கியிலும் சேர்த்து ஆயிரம் லீற்றர் அளவு தெற்கு டீசலோடு நேரே வடக்கே ஏறினால் வட ஒன்ராறியோவின் வாவாவைத் தாண்டுமுன் பில்ற்றர் அடைபடலாம். பம்பில் பயோடீசல் கலவை என்று ஒட்டியிருந்தால் இன்னும் கவனம். சோயா எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் பூச்சியப் பாகைக்கு அருகிலேயே கலங்கத் தொடங்கிவிடும். ஆகவே வடக்கே ஏறுகிற ஓட்டத்தில் தெற்கில் தேவையானதை மட்டும் அடியுங்கள். ஒன்ராறியோவுக்குள் நுழையும்போது தாங்கி கால்வாசிக்குக் கீழே இருக்கட்டும், மிச்சத்தை இங்கே நிரப்புங்கள். இங்கே வந்த பிறகு அரைவாசிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள், வெறும் இடத்தில் ஈரம் வியர்க்கும்.

ஜெல் ஆகாமல் தடுக்கிற மருந்து டீசல் கலங்குமுன் போடவேண்டியது. மெழுகு பெரிய படிகமாக வளராமல் தடுப்பதுதான் அதன் வேலை. வளர்ந்துவிட்ட படிகத்தை அது கரைக்காது. அதனால் முதலில் மருந்து, மேலே டீசல் என்ற ஒழுங்கில் தாங்கிக்குள் விடுங்கள், டீசல் விழுகிற வேகத்திலேயே கலந்துவிடும். அளவு போத்தலில் எழுதியபடி, இரண்டு தாங்கிக்கும் தனித்தனியாக. அடைபட்ட பிறகு ஊற்றுவது வேறு போத்தல். பவர் சேர்விஸ் நிறுவனத்தின் வகைகளில் வெள்ளைப் போத்தல் முன்தடுப்பு, சிவப்புப் போத்தல் அவசரத்துக்கு. இரண்டையும் மாற்றி ஊற்றிவிட்டு ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று சொல்கிறவர்கள் நிறைய. சிவப்புப் போத்தல் ஒன்றும், உங்கள் எஞ்சினுக்கான டீசல் பில்ற்றர் இரண்டும், அதைக் கழற்றும் சாவியும் வண்டிக்குள் இருக்கவேண்டும். அவற்றை வெளிப்பெட்டியில் வைக்காமல் படுக்கைக்குக் கீழே வையுங்கள்.

அடைபடுகிற விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் நன்றாக ஸ்ரார்ட் ஆகும், யார்ட்டை விட்டு வெளிக்கிடும், முதல் ஏற்றத்தில் இழுவை குறையும், பிறகு நின்றுவிடும். நிற்கும்போது எஞ்சின் கேட்கிற டீசல் கொஞ்சம், ஏறும்போது கேட்பது நிறைய. மெழுகு பூசிய பில்ற்றர் கொஞ்சத்தைத்தான் விடும். இழுவை குறைகிற அந்த நிமிடமே பாதுகாப்பான இடம் பார்த்து ஒதுங்குங்கள். நின்றுபோன பிறகு ஒதுங்க முடியாது. தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தை ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிந்து, சூடு இருக்கும்போதே வடியுங்கள். காலையில் வடிக்கப் போனால் அது ஐஸாக இருக்கும்.

மண்ணெண்ணெய் கலக்கவேண்டாம். பழைய எஞ்சின்களுக்குச் சொன்ன வைத்தியம் அது. உங்கள் 2017 எஞ்சினில் மிக உயர் அழுத்தத்தில் வேலை செய்கிற பம்பும் இன்ஜெக்ரர்களும் டீசலின் வழுவழுப்பை நம்பித்தான் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் அது குறைவு. கந்தகம் கூடிய எண்ணெயாக இருந்தால் புகைபோக்கியிலுள்ள பில்ற்றரும் கெடும். பெற்றோல் காருக்கு விற்கிற உறைதடுப்பு மதுசாரத்தையும் டீசலுக்குள் விடாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். வானொலியில் ‘காற்றோடு சேர்த்து மைனஸ் 42’ என்று கேட்டுப் பயப்படுகிறார்கள். அந்தக் கணக்கு மனிதத் தோலுக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் டீசல், கூலன்ற், பற்றறி எதுவும் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது. வேகமாகக் குளிரும், அவ்வளவுதான். ஆகவே ட்ரக்குக்கு மைனஸ் 28 என்ற உண்மை எண்ணைப் பாருங்கள். உங்கள் காதுக்கும் விரலுக்கும் மைனஸ் 42ஐப் பாருங்கள்.

புகையைச் சுத்திகரிக்கத் தனித் தாங்கியில் ஊற்றுகிற டெஃப் திரவம் மைனஸ் 11 பாகையில் உறையும். அது பழுதில்லை. தாங்கிக்குள் கூலன்ற் குழாய் ஓடி அதைத் தானாக உருக்கும், உருகும்வரை வண்டி ஓடும். அதற்குள் எந்த மருந்தையும் ஊற்றவேண்டாம், ஊற்றினால் முழுத் தொகுதியும் பாழ். உறையும்போது சுமார் 7 வீதம் விரிவதால், இரவு நிறுத்துமுன் கழுத்துவரை நிரப்பாதீர்கள்.

அடுத்தது பற்றறி. மைனஸ் 18 பாகையில் பற்றறியின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே நேரத்தில் தடித்த ஒயில் எஞ்சினைச் சுற்றவிடாமல் பிடிக்கும். நான்கு பற்றறிகளையும் ஒன்றாக இணைத்தபடி சோதித்தால் ஒரு கெட்டதை மூன்று நல்லவை மறைத்துவிடும், பிறகு அந்த ஒன்று இரவோடு இரவாக மூன்றையும் உறிஞ்சிவிடும். ஒவ்வொன்றையும் கழற்றித் தனியாக லோட் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஒன்று போயிருந்தால், மற்றவையும் அதே வயதானால், நான்கையும் சேர்த்து மாற்றுவதே கடைசியில் மலிவு. முழுதாக ஏறிய பற்றறி 12.6 வோல்ற் காட்டும், அது கனடாவின் எந்தக் குளிரிலும் உறையாது. இறங்கிப்போன பற்றறி மைனஸ் 10 பாகைக்கு முன்பின்னாகவே உறைந்து வெடிக்கக்கூடும். பக்கம் உப்பியிருந்தால் அதற்கு ஜம்ப் கொடுக்கவேண்டாம், உயிராபத்து. முனைகளைத் தூரிகையால் மினுங்கும்வரை தேய்த்து, இறுக்கி, பிறகு மேலே மசகு பூசுங்கள். உங்களுக்கு ‘பற்றறி போச்சு’ என்று சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் அழுக்கான முனையும் உப்பு தின்ற நிலக்கம்பியும்தான் என்பது என் கணிப்பு.

எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்குகிற பிளாக் ஹீற்றர் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் 1,500 வாற். முன்பம்பரில் தொங்குகிற செருகியின் இரு முள்ளுக்கும் இடையில் மீற்றரை வைத்தால் ஏறக்குறைய 10 ஓம் காட்டவேண்டும். ஒன்றும் காட்டாவிட்டால் ஹீற்றர் எரிந்திருக்கும், அல்லது வயர் அறுந்திருக்கும். இது 12.5 அம்பியர் இழுக்கும். வீட்டுத் தோட்டத்து மெல்லிய நீட்டு வயரில் போட்டால் வயர் உருகும். 12 கேஜ் தடிப்பான வயர் வாங்குங்கள், அந்த மின் இணைப்பில் வேறெதையும் செருகாதீர்கள். புறப்பட நான்கு மணி நேரம் முன்னர் போட்டால் போதும். எஞ்சின் காற்றுவழியில் மின் சூடாக்கி இருக்கிற வண்டிக்கு, ஸ்ரார்ட் ஆகவைக்க அடிக்கிற ஈதர் ஸ்பிரேயை அடிக்கவே கூடாது, வெடிக்கும்.

ஒயில் 15டபிள்யூ-40 என்றால் அது மைனஸ் 20 பாகைவரை எஞ்சினைச் சுற்றவிடும் என்று வகுக்கப்பட்டது. 10டபிள்யூ-30 மைனஸ் 25க்கு, 5டபிள்யூ-40 மைனஸ் 30க்கு. உங்கள் பாதையிலுள்ள வைட் ரிவரில் மைனஸ் 35 வருவது ஆச்சரியமில்லை, தன்னைக் கனடாவின் மிகக் குளிரான இடம் என்று விளம்பரப்படுத்திக்கொண்ட ஊர் அது. அடுத்த ஒயில் மாற்றத்தில், உங்கள் எஞ்சின் கையேடு அனுமதிக்கிறதா என்று பார்த்து, 5டபிள்யூ-40 சிந்தெடிக்குக்கு மாறுங்கள். கூலன்ற்றும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் மைனஸ் 37 பாகைவரை தாங்கும். கூலன்ற் 60க்குத் தண்ணீர் 40 என்றால் மைனஸ் 50ஐத் தாண்டும். அதற்குமேல் கூட்டாதீர்கள். தண்ணீர் கலக்காத தனிக் கிளைக்கோல் (கூலன்ற்றின் மூலப்பொருள்) மைனஸ் 13 அளவிலேயே உறைந்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. மிதக்கும் குண்டு வகைச் சோதனையை நம்பவேண்டாம், ஒரு துளி விட்டுக் கண்ணால் பார்க்கிற ரிஃப்ராக்ரோமீற்றரால் பாருங்கள். நிறத்தைப் பார்த்து வேறு கூலன்ற்றைக் கலக்கவும் வேண்டாம், சிவப்பு எல்லாம் ஒன்றல்ல.

இரவில் எஞ்சினை ஓடவிடுவது பற்றி. மைனஸ் 15 வரை, பற்றறியும் ஒயிலும் சரியாக இருந்தால், நிறுத்திவிட்டுப் படுக்கலாம், வெபாஸ்ரோ அல்லது எஸ்பார் போன்ற டீசல் ஹீற்றர் உள்ளே இருந்தால். சிறிய ஹீற்றர் ஒன்று மணிக்குக் கால் லீற்றர் டீசலைக்கூடத் தாண்டாது, எஞ்சின் சும்மா நின்று ஓடினால் மூன்று லீற்றர் போகும். மைனஸ் 30இல், செருகுவதற்கு மின்சாரம் இல்லாத இடத்தில், நிறுத்தவேண்டாம். ஆனால் நிமிடத்துக்கு 600 சுற்றில் விட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். அந்த வேகத்தில் எஞ்சின் சூடு பிடிக்காது, எரியாத டீசலும் கரியும் புகை பில்ற்றரில் சேரும். 900 முதல் 1,000 சுற்றுக்கு உயர்த்திவிடுங்கள். எஞ்சினின் மூச்சுக்குழாய் முனையில் ஐஸ் கட்டியிருக்கிறதா என்று இடையில் இறங்கிப் பாருங்கள். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, சீலைத் தள்ளிக்கொண்டு ஒயில் வெளியே வரும். டீசல் ஹீற்றரைப் பாதுகாக்க, கிழமைக்கொருமுறை இருபது நிமிடம் முழு வேகத்தில் விடுங்கள், கரி எரிந்துவிடும். படுக்கைக்கு அருகே காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். காஸ் அடுப்பை உள்ளே கொளுத்திச் சூடு காய்வதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

ட்ரக்கின் முகப்பிலுள்ள கிறிலுக்கு மூடி போடலாம், ஆனால் நடுத் திறப்பை எப்போதும் திறந்தே வையுங்கள். முழுதாக மூடினால் எஞ்சினுக்குள் போகிற காற்று சூடேறும், விசிறி விடாமல் சுழலும், மிச்சம் பிடிக்க நினைத்த டீசல் அங்கே போய்விடும். வெப்பநிலை மைனஸ் 10க்கு மேலே ஏறினால் கழற்றிவிடுங்கள்.

ட்ரெய்லரைப் பூட்டுகிற தட்டான ஃபிப்த் வீலில் கோடையில் பூசிய தடித்த கிறீஸ் குளிரில் மெழுகாக இறுகும். தாடை முழுதாகப் பூட்டாமல், பூட்டியதுபோலக் காட்டும். இழுத்துப் பார்த்தால் பிடித்துக்கொண்டும் இருக்கும், பிறகு ஒரு குலுக்கலில் விடும். பழைய கிறீஸை முழுக்கச் சுரண்டிக் கழுவி, குளிர்காலக் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். பூட்டுப் பொறிக்குக் கிறீஸ் வேண்டாம், மெல்லிய ஒயில் போதும். ஒவ்வொரு முறையும் டோர்ச் அடித்து, தாடை ட்ரெய்லரின் கிங்பின் ஆணியைச் சுற்றி மூடியிருப்பதைக் கண்ணால் பாருங்கள். குனிந்து பார்க்கச் சோம்பல் படுகிற குளிரில்தான் இது நடக்கிறது.

ரயர் அழுத்தம் 20 பாகையில் 100 பிஎஸ்ஐ இருந்தால், மைனஸ் 30இல் அதே காற்று சுமார் 80தான் காட்டும். கசிவு இல்லை, காற்றுச் சுருங்கியிருக்கிறது. குளிர்ந்த ரயரில் அளந்து, சரியான அழுத்தத்துக்கு ஏற்றுங்கள். பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். சட்டம் அனுமதிக்கும் ரயர்ப் பள்ளத்தின் ஆழம் வேறு, அந்த வீதிக்குப் போதுமான ஆழம் வேறு. இழுக்கிற அச்சு ரயர்களில் 10/32 அங்குலத்துக்குக் குறைந்தால் நான் வடக்கே அனுப்பமாட்டேன்.

சங்கிலி இப்போது வேண்டாம். ஒன்ராறியோ, மனிற்றோபாவில் உங்கள் ஓட்டத்துக்கு அது கட்டாயமில்லை. நாளைக்கு வன்கூவர் லோட் எடுத்தால் கதை வேறு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பாதைகளில் ஒக்ரோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை கனரக வாகனங்கள் சங்கிலி வைத்திருக்கவேண்டும், வாஷிங்டன் மாநிலத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 1 வரை. அப்போது வாங்கி, முதலில் வீட்டு முற்றத்தில் இரண்டுமுறை பூட்டிப் பழகுங்கள்.

உங்கள் முன்விளக்கு எல்இடி என்றால், அதன் முகப்பு பனியை உருக்குமளவுக்குச் சூடாகாது. பழைய பல்பு தன் சூட்டில் பனியை உருக்கும், எல்இடியில் பனி அப்படியே அப்பிக்கொள்ளும். பின்விளக்குகளும் அப்படித்தான். நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் துடையுங்கள். வயர் பழுதைத் தேடும்போது ஊசியால் வயரைக் குத்தவேண்டாம், அந்த ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் ஏறி அடுத்த மாதம் வயரே பச்சையாகிவிடும். மைனஸ் 40 தாங்கும் கண்ணாடி கழுவும் திரவம் இரண்டு கலன் உள்ளே இருக்கட்டும்.

பாதை பற்றி ஒன்று. 11ஆம், 17ஆம் நெடுஞ்சாலைகள் நிப்பிகனில் ஒன்றாகிவிடுகின்றன. அங்கிருந்து தண்டர் பேக்கு வேறு வழியில்லை. 2016 ஜனவரி 10இல் நிப்பிகன் ஆற்றின் புதிய பாலம் குளிரிலும் காற்றிலும் தட்டோடு மேலெழும்பி மூடப்பட்டபோது, நாட்டின் கிழக்கும் மேற்கும் கனடாவுக்குள் வீதியால் துண்டிக்கப்பட்டன. பாலம் வேண்டாம், ஒரு பனிப்புயலோ விபத்தோ போதும். ஹேர்ஸ்ற்றிலிருந்து லோங்லாக்குக்கு 200 கிலோமீற்றருக்கு மேல், இடையில் எதையும் நம்பமுடியாது. ஆகவே இரண்டு நாள் சாப்பாடும் தண்ணீரும், குளிர்கால உறங்குபையும், மருந்தும், சுத்தமான மண்வெட்டியும் எப்போதும் வண்டிக்குள். புறப்படுமுன்னும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 511 வீதித் தகவல் சேவையில் வீதி நிலையைப் பாருங்கள். மைனஸ் 25ஐவிடப் பூச்சியத்துக்கு அருகில்தான் ஐஸ் கூடுதலாக வழுக்கும். முன்னால் போகிற காரின் ரயரிலிருந்து தண்ணீர் தெறிப்பது திடீரென நின்றால் அது வீதி காய்ந்ததால் அல்ல, உறைந்ததால். கால் எடுங்கள், எஞ்சின் பிறேக்கை நிறுத்துங்கள், குறூஸ் கொன்ரோலைப் போடவேண்டாம்.

கடைசியாக, முதல் நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒரு சோதனை. மைனஸ் 10க்குக் கீழே போகிற முதல் இரவில், செருகியில் போடாமல், வண்டியை வெளியே விடுங்கள். காலையில் பற்றறி முனையில் மீற்றரை வைத்து ஸ்ரார்ட் கொடுங்கள். சுற்றும்போது 10 வோல்ற்றுக்குக் கீழே விழுந்தால் பற்றறி அல்லது கம்பியைப் பாருங்கள். காற்று முழுதாக ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிறேக்குகளை விடுவித்து, சில்லுக்குக் கட்டை வைத்த நிலையில், பிறேக்கை மிதித்துப் பிடியுங்கள். ட்ரெய்லரோடு ஒரு நிமிடத்தில் 4 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. கோடையில் இந்தச் சோதனையில் தேறிய வண்டி இப்போது தேறாமல் போகலாம், றப்பர் சுருங்கினால் மட்டும் தெரிகிற கசிவுகள் உண்டு. அது சூடாகி மறையுமுன், சோப்புத் தண்ணீருக்குப் பதிலாகக் கண்ணாடி கழுவும் திரவத்தைத் தெளித்துக் குமிழியைத் தேடி, இடத்தைச் சோக்கால் குறித்துவிடுங்கள். மெக்கானிக்கின் சூடான கராஜுக்குள் போனபிறகு அவராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.